ஊசியை நுழைவுச்சீட்டாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உலக சுகாதாரப் பேரவையில் அமரும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள், அந்நாடுகளின் எல்லை விதிகளை எழுதும் அமைச்சகங்கள்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம்.

2021-ஆம் ஆண்டில் பல மாதங்கள் ஒரு கொரோனா தடுப்பூசி மையத்தின் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. பெயர் எழுத ஆள் போதவில்லை என்றார்கள், போனேன். வருகிறவரின் பெயர், பிறந்த ஆண்டு, எந்தத் தடுப்பூசி, குப்பியின் தொகுதி எண், முதல் டோஸா இரண்டாம் டோஸா, அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதையெல்லாம் எழுத வேண்டும். என் வேலை அவ்வளவுதான். ஆனால் பதிவு மேசைக்கென்று ஒரு குணம் உண்டு. மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை மக்கள் பெயர் எழுதுகிறவரிடம் கேட்டுவிடுவார்கள்.

தொடக்கத்தில் கேள்விகள் எல்லாம் உடம்பைப் பற்றியே இருந்தன. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, போடலாமா? குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், பாதிக்குமா? போன மாதம்தான் நோய் வந்து குணமானேன், இப்போது எதற்கு? இரவு காய்ச்சல் வந்தால் என்ன மாத்திரை போடுவது? அந்தக் கேள்விகளில் பயம் இருந்தது. ஆனால் அது தன் உடம்பின் மீது அக்கறை உள்ள ஒருவருக்கு வரவேண்டிய பயம்தான். பதில் சொன்னால் பெரும்பாலானோர் கையை நீட்டினார்கள்.

ஆண்டின் நடுவில் கேள்வி மாறியது. எந்த நாளில் மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி வருவதைக் கவனித்தேன்: "இந்த ஊசி அங்கே செல்லுமா?"

பணத்தாளைப் பற்றிக் கேட்பதைப் போலவே கேட்டார்கள். இது என்னைக் காப்பாற்றுமா என்று கேட்பது குறைந்துவிட்டது. செல்லுமா, செல்லாதா? எந்த நாடு ஏற்கும், எந்த நாடு திருப்பி அனுப்பும்? அந்தக் கேள்வியை மக்களின் வாயில் வைத்தவர்கள் நீங்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு இரண்டு டோஸும் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேறொரு நாட்டில் வேலை காத்திருந்தது. அந்த நாட்டின் பட்டியலில் அவர் போட்டுக்கொண்ட தடுப்பூசி இல்லை. எங்கள் மையத்தில் அப்போது போட்டுக்கொண்டிருந்த வேறு வகை அந்தப் பட்டியலில் இருந்தது. ஏற்கெனவே போட்டதை மறைத்து, முதல் டோஸ் என்று எழுதச் சொல்லிக் கேட்டார். வெளியே உண்மையான முதல் டோஸுக்காகவே ஆட்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் முடியாது என்றேன். "உடம்புக்காக இல்லை அக்கா, பட்டியலுக்காக" என்றார். அவர் பொய் சொல்லிப் பழகியவர் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மருத்துவ ரீதியில் தேவையே இல்லாத ஒரு மருந்தை, யாரும் ஆராய்ந்திராத இடைவெளியில், ஒரு தாளுக்காக உடம்பில் ஏற்றிக்கொள்ள ஓர் ஆரோக்கியமான மனிதர் கெஞ்சிக்கொண்டு நின்றார். அவரை அந்த நிலைக்குத் தள்ளியது எந்த வதந்தியும் இல்லை, எந்தத் தடுப்பூசி எதிர்ப்பாளரும் இல்லை. ஓர் அரசாங்கத்தின் பட்டியல்.

அந்தப் பட்டியல்கள் எப்படி உருவாயின என்பதைப் பின்னாளில்தான் வரிவரியாகப் படித்தேன். படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

2021 ஜூலையில் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடான மால்டாவுக்குக் கிளம்பிய பயணிகள் சிலர் விமானத்தில் ஏற்றப்படாமல் திருப்பப்பட்டார்கள். அவர்கள் தடுப்பூசியை மறுத்தவர்கள் இல்லை. தங்கள் அரசு போட்ட இரண்டு டோஸையும் முறையாகப் போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்குப் போடப்பட்ட குப்பிகள் இந்தியாவின் சீரம் இன்ஸ்டிடியூட்டில் நிரப்பப்பட்டவை என்பதுதான் குறை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கி அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் உரிமம் கொடுத்த அதே தடுப்பூசிதான் அது. சீரம் தயாரிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 பிப்ரவரி 15 அன்றே அவசரப் பயன்பாட்டு ஒப்புதல் அளித்திருந்தது. ஆனால் ஐரோப்பிய மருந்து முகமையின் ஒப்புதலில் அந்தத் தொழிற்சாலை இல்லை. கையில் ஏறிய மருந்து எதுவென்று பார்க்கவில்லை, குப்பி எந்த ஊரில் நிரப்பப்பட்டது என்று பார்த்தார்கள். தன் குப்பியின் தொகுதி எண்ணைத் தேர்ந்தெடுத்து ஊசி போட்டுக்கொண்டவர் உலகத்தில் யாராவது உண்டா?

அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தன் புதிய பயண விதிகளை அறிவித்தது. அதன்படி, சீரம் தயாரித்த அதே தடுப்பூசியை, கோவிஷீல்டு என்ற பெயரில், இந்தியாவில் இரண்டு டோஸ் போட்டவர், தடுப்பூசியே போடாதவராகக் கருதப்படுவார், 10 நாள் தனிமையில் இருக்க வேண்டும். கண்டனம் எழுந்ததும் கோவிஷீல்டைப் பட்டியலில் சேர்த்தார்கள். தனிமை மட்டும் நீடித்தது, இந்தியச் சான்றிதழை இன்னும் ஏற்கவில்லை என்றார்கள். பதிலுக்கு இந்தியா அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அதே 10 நாள் தனிமையை விதித்தது. ஒரே வாரத்தில், அக்டோபர் 11 முதல், பிரிட்டன் இறங்கி வந்தது. அந்த ஒரு வாரத்தில் வைரஸும் மாறவில்லை, குப்பிக்குள் இருந்ததும் மாறவில்லை. பேரம் மட்டும் நடந்து முடிந்தது. இரு தரப்பு அதிகாரிகளும் அதை ராஜதந்திரம் என்று நினைத்திருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த மக்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், இந்த விதிகளுக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லை என்பது.

கோவேக்சின் போட்டவர்கள் நிலை இன்னும் மோசம். 2021 ஜனவரியில் இந்தியாவில் போடத் தொடங்கிய அந்தத் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது நவம்பர் 3 அன்று. ஒப்புதலுக்கு ஆய்வுத் தரவுகள் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும், அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் சீனாவின் சினோஃபார்ம், சினோவேக் தடுப்பூசிகள் முறையே மே, ஜூன் மாதங்களிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்ற பிறகும், அவற்றைப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பல நாடுகளின் கதவு மாதக்கணக்கில் திறக்கவில்லையே, அதற்கு என்ன விளக்கம்? நீங்கள் எல்லோரும் உறுப்பினர்களாக இருந்து நடத்தும் நிறுவனத்தின் ஒப்புதலை நீங்களே மதிக்காவிட்டால், பதிவு மேசைக்கு வந்த ஒரு பெரியவர் ஏன் மதிக்க வேண்டும்?

அந்தப் பெரியவரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். அறுபத்தெட்டு வயது. முதல் டோஸுக்குத் தானாகவே வந்தவர். இரண்டாம் டோஸ் நாளில் வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அங்கே இந்த ஊசியை ஏற்க மாட்டார்கள் என்று அவள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். மகள் சொன்னது பயணத்தைப் பற்றி மட்டும்தான். பெரியவருக்கு அது மருந்தைப் பற்றியதாகவே கேட்டிருக்கிறது. "அங்கே செல்லாததை எனக்கு எதற்கு அம்மா போடுகிறீர்கள்? நல்ல மருந்தாக இருந்தால் அவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?" என்று கேட்டார். பட்டியல் வேறு, பாதுகாப்பு வேறு என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். செவிலியரும் வந்து பேசினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "யோசித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லையில் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு விதியும் தடுப்பூசியைப் பற்றிய ஒரு பிரசாரம். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சுவரொட்டிகளும் வானொலி அறிவிப்புகளும் ஆயிரம் முறை சொன்னதை, விமான நிலைய வாசலில் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்ட ஒரே செய்தி அழித்துவிடும். ஊசியைப் பயணச் சீட்டோடு சேர்த்து விற்றால், சீட்டு செல்லாத இடத்தில் ஊசியும் செல்லாததாகிவிடும்.

எல்லைகளை மூடியதே தவறு என்று நான் வாதிடவில்லை. நியூசிலாந்து 2020 மார்ச் 19 அன்றும் ஆஸ்திரேலியா மறுநாளும் வெளிநாட்டவர்க்கு எல்லையை மூடியபோது உலகத்தில் தடுப்பூசி என்று ஒன்றே இல்லை. அந்த மூடல் அந்த மக்களுக்குக் காலத்தை வாங்கிக்கொடுத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போட்ட பிறகுதான் வைரஸை முதன்முதலாகச் சந்தித்தார்கள். அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் சொந்தக் குடிமக்களுக்கே கதவை அடைத்தது வேறு. 2021 மே 3 முதல் 15 வரை, அதற்கு முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த ஆஸ்திரேலியக் குடிமக்கள் தாய்நாடு திரும்பினால் 5 ஆண்டு வரை சிறை என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் நோய் உச்சத்தில் இருந்த வாரங்கள் அவை. வீடு திரும்புவது குற்றம் என்று ஒரு ஜனநாயக நாடு தன் மக்களிடம் சொன்னது. நியூசிலாந்தில் தனிமை விடுதி இடங்களுக்குக் குலுக்கல் முறை வைத்தார்கள். பிரசவத்துக்கு வருகிறவரும் மரணப் படுக்கையில் இருக்கும் தாயைப் பார்க்க வருகிறவரும் கணினித் திரையில் வரிசை எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அந்த முறை, நாடு திரும்பும் குடிமக்களின் உரிமையைச் சிலரது விஷயத்தில் நியாயமின்றி மீறியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது எல்லை திறக்கத் தொடங்கிவிட்டது. சென்று சேர முடியாமல் போன மரணங்களுக்குத் தீர்ப்பால் என்ன செய்ய முடியும்? வருகிற குடிமகனைச் சோதிக்கலாம், தனிமைப்படுத்தலாம், செலவைக்கூடப் பங்கிடச் சொல்லலாம். வராதே என்று சொல்ல எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இப்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

தடுப்பூசிக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, போட்டுக்கொண்டவர் கடும் நோயால் மருத்துவமனைக்குப் போகாமல், சாகாமல் காப்பது. இன்னொன்று, அவர் மூலம் மற்றவருக்குப் பரவுவதைக் குறைப்பது. முதல் வேலையை இந்தத் தடுப்பூசிகள் நன்றாகவே செய்தன, புதிய உருமாற்றங்கள் வந்த பிறகும் செய்தன. இரண்டாவது வேலையில் நிலைமை வேறு. தொடக்கத்தில் பரவலும் கணிசமாகக் குறைந்தது. டெல்டா வந்ததும் அந்தப் பயன் சில மாதங்களில் தேயத் தொடங்கியது. ஒமைக்ரான் வந்த பிறகு மிகவும் சுருங்கிவிட்டது.

எல்லைச் சான்றிதழின் நியாயம் முழுவதும் அந்த இரண்டாம் வேலையின் மீதுதான் நின்றது. போட்டவர் நோயைக் கொண்டுவர மாட்டார், ஆகவே அவரை உள்ளே விடலாம் என்பதுதானே வாதம்? அந்தக் கால் தேய்ந்த பிறகும் விதி நின்றுகொண்டே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழு 2022 ஜனவரியில், தடுப்பூசிச் சான்றைப் பன்னாட்டுப் பயணத்துக்கான ஒரே வழியாக வைக்காதீர்கள் என்று பரிந்துரைத்தது. 2021 பிப்ரவரியிலேயே அந்த நிறுவனம் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தது. அமெரிக்கா வெளிநாட்டு விமானப் பயணிகளுக்கான தடுப்பூசிக் கட்டாயத்தை 2023 மே 11 வரை வைத்திருந்தது. உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிந்துவிட்டது என்று மே 5 அன்று அறிவிக்கப்பட்ட பிறகுதான் அது விலகியது.

இதனால் மக்கள் மனத்தில் நடந்ததை நான் என் மேசையிலிருந்து பார்த்தேன். இரண்டு டோஸ் போட்டு, சான்றிதழ் காட்டி, விமானத்தில் போய் இறங்கியவருக்கு மூன்றாம் நாள் தொற்று உறுதியாகிறது. அவர் வீட்டுக்குச் சொல்கிறார். வீடு தெருவுக்குச் சொல்கிறது. ஊசியே பொய் என்கிறார்கள். ஊசி பொய் இல்லை. மூன்றாம் நாள் தொற்று வந்தவர் ஏழாம் நாள் எழுந்து நடமாடுகிறார் என்றால், அதில் ஊசிக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த வேலையைப் பற்றி அவரிடம் யார் பேசினார்கள்? எல்லையைத் தாண்டத்தான் ஊசி என்று சொல்லிக் கொடுத்தீர்கள். தொற்றைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் ஊசி என்று புரிந்துகொண்டார். அது நடக்கவில்லை என்றதும், செய்த நல்ல வேலையும் கணக்கில் வராமல் போய்விட்டது.

கருத்து மாறியதைச் சொல்ல நீங்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. "பரவலைத் தடுப்பதில் இது முன்புபோல் உதவவில்லை, எனவே எல்லையில் கேட்பதை நிறுத்துகிறோம். உயிரைக் காப்பதில் இன்னும் உதவுகிறது, எனவே வயதானவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாக இரத்தம் உறைவது தெரியவந்து பல ஐரோப்பிய நாடுகள் அதைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, எங்கள் மையத்தில் ஒரு செவிலியர் அதை மறைக்காமல், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு எழுந்து போனவர்கள் சிலரே. உட்கார்ந்தவர்கள் நம்பி உட்கார்ந்தார்கள். ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளில் இளம் ஆண்களுக்கு அரிதாக இதயத்தசை அழற்சி வந்ததும் அப்படியே வெளிப்படையாகப் பேசப்பட வேண்டிய விஷயம்தான். கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்ளும் வலு மக்களுக்கு உண்டு. காரணம் சொல்லாத கட்டளையைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

மஞ்சள் காய்ச்சலைப் பாருங்கள். பன்னாட்டு சுகாதார ஒழுங்குவிதிகளில் பெயர் குறிப்பிட்டு, பயணிகளிடம் தடுப்பூசிச் சான்று கேட்கலாம் என்று எழுதப்பட்டிருக்கும் நோய் அது ஒன்றுதான். உலகம் முழுவதும் ஒரே அட்டை. உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட தடுப்பூசி என்றால் போதும். 2016 ஜூலை 11 முதல் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். எந்த நாட்டுக்கு வேண்டும், எதற்கு வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. அந்த அட்டையை அடக்குமுறை என்று சொல்லி மக்கள் திரண்டு தெருவில் இறங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கொரோனாவில் அந்த ஒழுங்கு எங்கே போயிற்று? ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரி 1 முதல் முதற்சுற்று ஊசிக்கு 270 நாள் ஆயுள் என்றது. வேறு நாடுகளில் வேறு கணக்கு. ஒரே தாள் ஒரே பயணத்தில் ஒரு விமான நிலையத்தில் செல்லும், அடுத்ததில் செல்லாது. நோயும் தடுப்பூசியும் வேறு வேறுதான், மஞ்சள் காய்ச்சல் ஊசி தரும் நெடுநாள் பாதுகாப்பு இதில் இல்லைதான். ஆனால் விதியின் நேர்மைக்கு நோயின் பெயர் எதற்கு?

ஒமைக்ரானின் போது நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புதிய உருமாற்றத்தைப் பற்றி உலகுக்குச் சொன்னார்கள். மறைக்காமல், காலம் கடத்தாமல், மரபணு வரிசையோடு சொன்னார்கள். 26-ஆம் தேதி அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. அதற்குள்ளாகவே தெற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் விமானங்களுக்குக் கதவுகள் அடைபடத் தொடங்கின. சில நாட்களில் நெதர்லாந்து அறிவித்தது: தங்கள் நாட்டிலேயே நவம்பர் 19, 23 தேதிகளில் எடுத்த மாதிரிகளில் ஒமைக்ரான் இருந்திருக்கிறது. அதாவது, யாரைத் தடுக்கக் கதவை அடைத்தார்களோ, அவர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். நெதர்லாந்தின் மீது அப்படித் தடை பாயவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் இதைப் பயண நிறவெறி என்றே சொன்னார். தடை விதிக்கப்பட்ட நாடுகள் பலவற்றில் அப்போது மக்களுக்குத் தடுப்பூசி கிடைத்திருந்ததே குறைவு. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி சேர வேண்டும் என்று தொடங்கிய, 2021-க்குள் 200 கோடி டோஸ் வழங்குவோம் என்ற கோவேக்ஸ் பன்னாட்டுத் திட்டத்தின் 100 கோடியாவது டோஸ் போய்ச் சேர்ந்தது 2022 ஜனவரியில். ஊசியையும் கொடுக்கவில்லை, உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்லவில்லை, கதவையும் சாத்தினோம். அடுத்த முறை ஓர் ஆய்வகத்தில் ஓர் இளம் விஞ்ஞானி திரையில் புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது, சொல்வதா வேண்டாமா என்று அவருடைய அரசாங்கம் ஒரு நாள் யோசித்தால்கூட அந்த ஒரு நாளுக்கு நாம் எல்லோரும் விலை கொடுப்போம்.

தடுப்பூசியை எதிர்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் மீது எனக்குப் பரிவு இல்லை, அவர்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவும் இல்லை. என் மேசைக்கு வந்து தயங்கியவர்களில் அப்படிப்பட்டவரை நான் மிகக் குறைவாகவே பார்த்தேன். யுனிசெஃப் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, ஆய்வு செய்த 55 நாடுகளில் 52-இல், குழந்தைகளுக்கான தடுப்பூசி முக்கியம் என்ற எண்ணம் பெருந்தொற்றுக் காலத்தில் குறைந்துவிட்டது என்றது. 2019 முதல் 2021 வரையிலான 3 ஆண்டுகளில் 6.7 கோடிக் குழந்தைகள் முழுமையாகவோ பகுதியாகவோ தடுப்பூசி கிடைக்காமல் விடுபட்டார்கள் என்றும் சொன்னது. இதற்கெல்லாம் எல்லை விதிகள்தான் காரணம் என்று நான் பழி சுமத்தவில்லை. ஊரடங்கு, மூடிய சுகாதார நிலையங்கள், பொய்ச் செய்திகள் என்று காரணங்கள் பல. ஆனால் நம்பிக்கை என்பது ஒரே பானைத் தண்ணீர். கொரோனா ஊசிக்கென்று தனியாக ஒன்று, தட்டம்மை ஊசிக்கென்று தனியாக ஒன்று என்று மக்கள் வைத்துக்கொள்வதில்லை. எந்த ஓட்டை வழியாகக் கசிந்தாலும் குறைவது அதே தண்ணீர்தான்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

2025 மே 20 அன்று நீங்கள் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டீர்கள். திருத்தப்பட்ட சுகாதார ஒழுங்குவிதிகள் அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று நடைமுறைக்கு வந்தன. அந்த ஒப்பந்தத்தில் தெளிவாக ஒரு வரி இருக்கிறது: பயணிகளைத் தடுக்கவோ ஏற்கவோ, தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ உலக சுகாதார நிறுவனத்துக்கு இந்த ஒப்பந்தம் அதிகாரம் தரவில்லை. பல நாடுகளில் மக்கள் பயந்துபோயிருந்ததால் அந்த வரியை வேண்டிச் சேர்த்தீர்கள். நல்லது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் படியுங்கள். கதவைத் திறப்பதும் அடைப்பதும் உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது என்றால், அதற்கான பதிலும் உங்களிடமிருந்து மட்டுமே வர வேண்டும்.

பதில் சொல்லும் கடமை ஏற்கெனவே எழுதப்பட்டும் இருக்கிறது. ஒழுங்குவிதிகளின் 43-ஆம் பிரிவின்படி, பன்னாட்டுப் போக்குவரத்தைக் கணிசமாகத் தடுக்கும் கூடுதல் நடவடிக்கையை எடுக்கும் நாடு, 48 மணி நேரத்துக்குள் அதையும் அதற்கான சுகாதாரக் காரணத்தையும் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 3 மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். உங்களில் எத்தனை பேர் அந்தக் காரணத்தை உங்கள் சொந்த மக்கள் படிக்கும் மொழியில், அவர்கள் பார்க்கும் இடத்தில் வெளியிட்டீர்கள்? ஜெனீவாவுக்குப் போன கடிதம் விமான நிலைய வரிசையில் நிற்பவருக்கு எட்டவில்லை. அடுத்த முறை தடை உத்தரவும் காரணமும் ஒரே தாளில் வரட்டும். முடிவுத் தேதியும் அதே தாளில் இருக்கட்டும். நீட்டிக்க வேண்டுமென்றால் நீட்டியுங்கள், ஆனால் புதிய காரணத்தோடு நீட்டியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு தடுப்பூசிக்கு ஒப்புதல் தந்த அன்றே எல்லா எல்லைகளிலும் அது செல்ல வேண்டும். எந்தத் தொழிற்சாலை, எந்தத் தொகுதி எண் என்ற கேள்வி பயணியிடம் வரவே கூடாது. ஊசி கிடைக்காதவருக்கும், மருத்துவக் காரணத்தால் போட முடியாதவருக்கும் பரிசோதனையோ சில நாள் தனிமையோ என்று இன்னொரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். முதலில் எச்சரித்த நாட்டின் மீது தடை விதிக்கும் முன், அந்த வைரஸ் உங்கள் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று உங்கள் கையில் இருக்கும் மாதிரிகளை முதலில் சோதியுங்கள். தடை தவிர்க்க முடியாதது என்றால், அந்த நாட்டுக்கு மருந்தும் உபகரணமும் அதே வாரத்தில் போய்ச் சேரட்டும்.

ஊசி எதற்கு என்று சொல்லுங்கள். இதை உங்கள் உத்தரவுகளின் முதல் வரியாகவே எழுதச் சொல்லி மன்றாடுகிறேன். இந்த நோயில் இந்த ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது, இதுவரை எது தெரியும், எது இன்னும் தெரியாது. அதற்குப் பிறகு எல்லையைப் பற்றிப் பேசுங்கள்.

எங்கள் மையம் மூடப்பட்டபோது பதிவேடுகளை ஒப்படைத்தோம். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்துக் கையொப்பம் இட வேண்டியிருந்தது. அந்தப் பெரியவரின் பெயர் இருந்த பக்கம் வந்தபோது நிறுத்தினேன். என் கையெழுத்தில்தான் இருந்தது. முதல் டோஸ், தேதி, தொகுதி எண், எல்லாம் சரி. பக்கத்துக் கட்டத்தில் அவர் வர வேண்டிய தேதியைப் பென்சிலால் குறித்திருந்தேன். அதற்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தது.

இப்படிக்கு,
ஒரு தடுப்பூசி மையத்தில் பெயர் எழுதியவள்